நாடி அகப்படாத கை: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்கவில்லை. கிளினிக் கொப்பியில் ‘தகயாசு’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வயதில் எப்படி வந்தது? (புதுக்குடியிருப்பு)

பதில்: தகயாசு நோயில், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும், அதிலிருந்து கழுத்துக்கும் கைகளுக்கும் சிறுநீரகங்களுக்கும் பிரியும் கிளைகளிலும் உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே அழற்சியை உண்டாக்குவதால், நாடிச்சுவர் தடித்து உள்வழி ஒடுங்குகிறது. மூளைக்குச் செல்லும் கழுத்து நாடி அவ்வாறு ஒடுங்கினாலோ அடைபட்டாலோ பாரிசவாதம் ஏற்படும். மகளுக்கு வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருப்பதால், மூளையின் இடப்பக்கத்துக்கே இரத்தம் குறைந்திருக்க வேண்டும். ஜப்பானியக் கண் வைத்தியர் மிகிட்டோ தகயாசு 1908இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரைக் குழாய்களில் கண்ட மாற்றங்களை விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர் வந்தது. அரிதான இந்நோய் பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், சோர்வு, உடல் மெலிவு மட்டுமே இருக்கலாம் என்பதால், வெயிலில் வேலை செய்த களைப்பு என்று வீட்டாரும், சில வேளைகளில் நாங்களும், விட்டுவிடுகிறோம்.

கேள்வி: இடக்கையில் பிரஷர் 90, வலக்கையில் 150. கருவி பழுதா? (மாங்குளம்)

பதில்: கருவியைக் குறை சொல்லுமுன் இரு மணிக்கட்டுகளிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடக்கையில் நாடித்துடிப்பு மெலிந்தோ அகப்படாமலோ இருந்தால், அக்கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கியிருக்கக்கூடும். கிணற்றில் நான்கு வாளி இறைப்பதற்குள் அந்தக் கை மட்டும் கடுத்துச் சோர்கிறதா என்றும் கவனியுங்கள். ஒடுங்கிய கையின் அளவு பொய்யாகக் குறைவாக இருக்கும். எனவே கூடிய அளவையே நம்பிச் சிகிச்சை செய்ய வேண்டும். சிறுநீரக நாடி ஒடுங்கினாலும் பிரஷர் ஏறும் என்பதால், பெருநாடியையும் கிளைகளையும் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர். அஞ்சியோகிராம் தேவைப்படும்.

கேள்வி: பிரெட்னிசலோன் குடித்து முகம் வீங்குகிறது. நிறுத்தலாமா? (கிளிநொச்சி)

பதில்: அழற்சியை அடக்கும் இந்த ஸ்டீரொயிட் மருந்தைத் திடீரென நிறுத்தவே வேண்டாம்; நீண்ட நாள் குடித்தவருக்கு அது உயிராபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பதற்காகவே மெதோட்ரெக்சேற் போன்ற மருந்துகளைச் சேர்க்கிறோம்.

கேள்வி: தொற்றுமா? (நெடுங்கேணி)

பதில்: தொற்றாது.

கேள்வி: திருமணமான மகள் பிள்ளை பெறலாமா? (முல்லைத்தீவு)

பதில்: அழற்சி அடங்கி, பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் பெறலாம். ஆனால் மெதோட்ரெக்சேற் கருவைப் பாதிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே மாற்ற வேண்டும். கர்ப்பிணிக் கிளினிக்கில் எந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டும் என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.