இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போடும்போது, அதனால் பாதிக்கப்படும் மக்களின் சம்மதம் தேவையா?

கேட்டவர் சட்டம் படிக்கிற பிள்ளையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு எழுத வேண்டிய பதில் சின்னது: தேவையில்லை. ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையிலானது, அவற்றின் சம்மதமே போதும். யார் தன் பிரஜை என்பதை அந்தந்த நாடே தன் சட்டத்தால் தீர்மானிக்கலாம் என்று 1930 ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை எல்லோருக்கும் ஒரு குடியுரிமை உண்டு என்கிறது, ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய நாடு எது என்று சொல்லவில்லை.

சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் எங்கள் சனம் மாட்டிக்கொண்டது. நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. அதை எதிர்த்த கோடகன் பிள்ளை வழக்கு, கடைசி மேன்முறையீட்டைக் கேட்கும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953 இல் தோற்றது. அப்புறம்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1964 ஒக்டோபர் 30. மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கெடுத்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974 இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணிக்கையை முடிவு செய்த பிறகுதான் மனுவே கேட்டார்கள். கேட்டபோது, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வந்த மனுக்கள் ஒதுக்கிய தொகையை வெகுவாகத் தாண்டின, இந்தியாவுக்கு வந்தவை ஒதுக்கியதை விடக் குறைவு.

எங்கள் வீட்டில் தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அவருடைய தம்பி தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் இருந்தார், பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை. அப்பா அப்போது வயசு வந்த ஆள், தனியாக இலங்கைக்கு மனுப் போட்டார். பெரிய அத்தை பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்த வீட்டில் புருசனோடு சேர்ந்து இங்கேயே நின்றுவிட்டார். தாத்தாவும் அப்பாயியும் கடைசிச் சித்தப்பாவும் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் போனார்கள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் பித்தளைக் குடமும் அம்மிக்குழவியும் வைத்து, மேலே கறுப்புப் பெயின்டில் தாத்தாவின் பெயரை எழுதியது அப்பாதான். அம்மியைக் கொண்டுபோக முடியாது, குழவியை மட்டும் விட மாட்டேன் என்று அப்பாயி பிடிவாதமாக நின்றாராம். துறையூரில் நிலமும் இல்லை, தம்பி வீட்டில் இடமும் இல்லை. கடைசியில் நீலகிரியில், இலங்கையில் இருந்து போனவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அப்பாயி மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார். தாத்தா செத்த செய்தி வந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. அப்பாவின் மனுவுக்கு அதுவரை முடிவு வரவில்லை. பிரஜாவுரிமை இல்லாமல் பாஸ்போர்ட் ஏது?

இதைப் படித்துவிட்டு, "அங்கே போனவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். இருக்கிறவர்கள் இருக்கட்டும், என் சித்தப்பா பிள்ளைகளும் நன்றாகப் படித்து வேலையில் இருக்கிறார்கள். நான் சாஸ்திரியையோ சிறிமாவையோ திட்ட வரவில்லை. அவர்களுக்கு அவரவர் அரசியல் நெருக்கடி இருந்திருக்கும். ஆளைக் கேட்காமல் ஆளுக்கு விகிதம் போட்டதைத்தான் தப்பு என்கிறேன். ஒப்பந்தத்தையே எடுத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு ஆள் போவதும் இங்கே பிரஜாவுரிமை கொடுப்பதும் அந்தந்தத் தொகையின் விகிதப்படி, முடிந்தவரை சேர்ந்தே நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கணக்குப் போட்டால் 7 பேருக்கு 4 பேர். அப்பாவின் மனு தாமதமானதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவருடைய உரிமை, முன்பின் தெரியாத இன்னொருவர் கப்பல் ஏறுவதைப் பொறுத்திருந்தது.

சட்டம் படிக்கிறவருக்கு முக்கியமான விஷயம் இதுதான்: பிரச்சினை கடைசியில் தீர்ந்தது ஒப்பந்தத்தால் அல்ல. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று இந்தியா 1982 இல் சொல்லிவிட்டது. போர் வந்து கப்பலும் நின்றது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டமும் 2003 சட்டமும் இலங்கைப் பாராளுமன்றமே கொண்டுவந்தவை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் பிரஜாவுரிமை என்றது 2003 சட்டம். பிரித்து அனுப்பக் கையெழுத்திட்ட அதே நாளைத்தான் இங்கேயே இருக்கலாம் என்பதற்கும் அளவுகோலாக வைத்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிரஜாவுரிமை வந்தும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எங்களுக்கு ஒழுங்கான முகவரி இல்லை. கதவுக்கு இலக்கம் கிடையாது, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகும். என் தங்கைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே மேசையில் கிடந்து, நாள் கடந்த பிறகுதான் கைக்கு வந்தது. கேட்டால், "ஒரே பேரில் நாலு பேர் இருக்கீங்க, யாருக்கென்று தெரியும்?" என்றார்கள். வாக்குப் போட மட்டும் எங்களைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள், ஒரு கடிதம் கொண்டுவந்து தர முடியவில்லை.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் 15ஆம் உறுப்புரையோடு நிறுத்தாமல் 1964 ஒப்பந்தத்தையும் 2003 சட்டத்தையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யார் எந்தப் பக்கம் மனுப் போட்டார்கள் என்று அவர்களையும் கேளுங்கள்.