பதில்: 39 வயது கணித ஆசிரியை, அவுஸ்திரேலிய விசா

வணக்கம் சகோதரி. அவுஸ்திரேலியாவுக்கு ஆசிரியராகக் குடியேற ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6 எடுத்தாலே போதும் என்று வெள்ளவத்தை முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு சதமும் கொடுத்துவிடாதீர்கள். ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் நிறுவனம் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்டலிலும் பேச்சிலும் 8 கேட்கிறது. அதுவும் அகடமிக் பிரிவில். பேச்சில் 8 என்பது எங்களில் பலருக்குப் பெரிய மலைதான்.

உங்கள் மூன்று வருடப் பட்டமும் ஒரு வருடப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் சேர்ந்தால் அவர்கள் கேட்கும் நான்கு வருடம் சரிவரும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மேற்பார்வையுடன் 45 நாள் வகுப்பறையில் கற்பித்ததற்குச் சான்று வேண்டும். என் சான்றிதழில் ‘கற்பித்தல் பயிற்சி: சித்தி’ என்று ஒரே வரி, நாள் கணக்கே இல்லை. அதைக் கடிதமாக எடுக்க மூன்று மாதம் படியேறினேன். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் இன்றே விண்ணப்பியுங்கள்.

வயதையும் பாருங்கள், இந்த விசாக்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. 33 முதல் 39 வரை 25 புள்ளி, 40 பிறந்தால் 15. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளின் வயதுதான் கணக்கு. யாருடைய நியமனமும் தேவைப்படாத 189 விசா கிடைக்காவிட்டால், மாநில அரசின் நியமனத்துடன் 190 விசாவுக்கு 5 புள்ளியும் 491 என்ற தற்காலிகப் பிராந்திய விசாவுக்கு 15 புள்ளியும் கூடும். பிறந்தநாள் எந்த மாதம் என்று எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.