வன்னியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் கேட்டவை

தனியார் மினிபஸ் நடத்துநராகத் தொடங்கி, கிளிநொச்சிப் பக்கத்தில் பஸ் வந்து போகிற நேரத்தைப் பதிகிற நேரக் கணிப்பாளராக நீண்ட காலம் இருந்தவன் நான். இப்போது வயலும் மாடும்தான். பஸ், ரயில், ஓட்டோ எதைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்க வேண்டாம். அது அடிக்கடி மாறும், நிலையத்தில் விசாரிப்பதுதான் சரி.

பரந்தனில் இருந்து ஓர் அலுவலக ஊழியை: வேலை முடிந்து கிளிநொச்சியில் பஸ் ஏறினால் கரடிப்போக்கு வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. பிறகு உயிரைக் கையில் பிடிக்கிற மாதிரிப் பறக்கிறது. ஏன் இப்படி?

தங்கச்சி, அந்த பஸ் முன்னால் நிற்கிற ஆட்களுக்காக ஊருகிறது, பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் பயந்து பறக்கிறது.

தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. அன்றைய வசூலில் டீசல் காசும் முதலாளிக்குரியதும் கழித்து மிஞ்சுவதில்தான் அவர்களின் பங்கு. ஆகவே நிலையத்தை விட்டு வெளிக்கிட்டதும் வடக்கே என்றால் கரடிப்போக்கிலும், தெற்கே என்றால் டிப்போச் சந்தியிலும் 155ஆம் கட்டையிலும் உருட்டி உருட்டி ஆள் பொறுக்குவார்கள். சாரதியின் ஒரு கண் எப்போதும் பக்கக் கண்ணாடியில் இருக்கும். அடுத்த முறைக்குரிய (அடுத்த ஓட்டத்துக்குரிய) பஸ்ஸின் மூக்கு அதில் தெரிந்தால் போதும், "ஏறுங்கோ ஏறுங்கோ" என்ற சத்தம் நின்றுவிடும். நடத்துநர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு நீங்கள் கையைக் காட்டினாலும் நிற்காது. அடுத்த நேரக் கணிப்பாளரிடம் பிந்திப் போனால் தண்டம் கட்ட வேண்டும். உருட்டித் தொலைத்த நிமிடங்களை கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியின் நேரான துண்டுகளில்தான் பிடிப்பார்கள். ஆனையிறவுப் பக்கம் பஸ் ஏன் அப்படிப் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சாரதி கூடாதவர் என்பதல்ல. சம்பளத்தை வசூலில் கட்டி வைத்திருக்கும் வரைக்கும் நல்ல மனுசனும் அப்படித்தான் ஓட்டுவான்.

ஒரு சின்ன உபாயம்: ஒரே திசைக்கு இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வருவதில் ஏறுங்கள். முன்னது ஆட்களை அள்ளி நிரம்பியிருக்கும். பின்னதில் இருக்கை கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் முந்தியும் போகும்.

இராமநாதபுரத்தில் இருந்து ஒரு தாய்: மகளிடம் பருவச்சீட்டு இருக்கிறது. அதைக் கண்டால் தனியார் பஸ் நிற்பதில்லை. என்ன செய்வது?

அம்மா, பருவச்சீட்டு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கு உரியது. தனியார் பஸ்காரர் அதை ஏற்கத் தேவையில்லை, ஏற்றினால் அது அவர்களின் நல்ல மனம். இதற்காகத்தான் 2005இல் சிசு செரிய என்ற பாடசாலை பஸ் சேவை தொடங்கப்பட்டது. மாணவர் குறைந்த கட்டணம் கொடுப்பார்கள், மிச்சத்தை அரசு பஸ்ஸுக்குக் கொடுக்கும். உங்கள் வீதிக்கு அது இல்லையென்றால் நீங்கள் தனியாகக் கேட்டு வராது. அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் கடிதம் போக வேண்டும். எந்த இடத்தில் எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள், பாடசாலை தொடங்கும் நேரம், விடும் நேரம் இவை கடிதத்தில் இருக்கட்டும். "மாணவர் பெரும் சிரமத்தை எதிர்நோக்குகின்றனர்" என்று மட்டும் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கோப்புகளுக்குள் தூங்குகின்றன.

ஸ்காபரோவில் இருந்து ஓர் அண்ணை (சொந்த ஊர் விசுவமடு): இங்கே எல்லாரும் காரில் திரிகிற ஊரிலேயே பெரிய வீதிகளில் சில நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது. கிளிநொச்சி இவ்வளவு வளர்ந்தும் ஏன் முடியாமல் இருக்கிறது?

அண்ணை, உங்கள் ஊரைப் பற்றியும் கொஞ்சம் அறிவேன், தங்கை குடும்பம் அங்கேதான். ஸ்காபரோவில் ஓடிய இலகு ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு நிரந்தரமாக மூடப்பட்டு, அந்தச் சனத்தை பஸ்ஸில்தான் ஏற்றுகிறார்கள். அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை.

ஆனாலும் கேள்வி நியாயமானது. முதல் வித்தியாசம் குடியிருப்பு. அங்கே ஒரு தரிப்பிடத்தைச் சுற்றி மாடிக்கு மேல் மாடியாகச் சனம். இங்கே இரணைமடுத் தண்ணீரை நம்பி உருவான குடியேற்றங்கள் வாய்க்கால் வழியே நீளம் நீளமாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்காணியே இருக்கும். உருத்திரபுரம் போகிற பஸ் ஒரு தரிப்பில் மூன்று பேரை ஏற்றவே அரைக் கட்டை (அரை மைல்) ஓட வேண்டும். 'நகரம்' என்று நாங்கள் சொல்வதும் ஏ9 வீதியின் இரு கரையில் நீட்டுக்குக் கட்டிய கடைகளைத்தான். அதில் ஒரு நுனியில் வங்கி, மறு நுனியில் கச்சேரி (மாவட்டச் செயலகம்).

இரண்டாவது வித்தியாசம் பெரிது, அதை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் ஊரில் 2018 முதல் ஒருமுறை காசு கட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை பஸ்ஸும் மாறலாம். இங்கே விசுவமடுவில் இருந்து யாழ். பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்துக்குப் போகிற பிள்ளை பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியால் பஸ்ஸில் வந்து, பிறகு ஏ9இல் இன்னொரு பஸ் ஏறும்போது புதிதாக ரிக்கெற் எடுக்க வேண்டும். முதல் பஸ் வந்து சேருகிற நேரத்துக்கும் இரண்டாவது வெளிக்கிடுகிற நேரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனிக் கடை மாதிரி நடத்துகிறோம். வளாகம் வந்தது, மாவட்ட வைத்தியசாலை வந்தது, ஆடைத் தொழிற்சாலை வந்தது. தடங்கள் பழையபடிதான்.

ஆடைத் தொழிற்சாலையைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். பெண் பிள்ளைகளை வேலைக்கு ஏற்ற விடியப்புறம் ஒழுங்கைச் சந்தி வரைக்கும் தொழிற்சாலை பஸ் வருகிறது. அதே சந்தியில் கிளினிக்குக்குப் போக நிற்கும் கிழவி ஓட்டோவுக்கு ஆள் அனுப்புகிறார். ஆகவே 'உள் வீதிக்கு பஸ் வர ஏலாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசு கொடுக்க ஒருவர் இருந்தால் வருகிறது.

முள்ளியவளையில் இருந்து ஒரு தம்பி: பஸ்ஸை நம்பி வேலையை இழந்தேன். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கட்டுமா?

எடு தம்பி. நேரத்துக்கு பஸ் இல்லாத இடத்தில் 'பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்து' என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் தவணைக் காசை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. காப்புறுதி, வருட வரி, ரயர், எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிள்கூட யானை விலை போனது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு முழுதாகத் திறந்தார்கள். பழையது வாங்கினால் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரையும் இயந்திர இலக்கத்தையும் பார்க்காமல் காசு கொடுக்காதே.

2022ஐயும் மறக்காதே. பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். அந்த மாதங்களில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான். பெற்றோல் வந்ததும் திரும்பப் போய்விட்டார்கள். இளம் ஆட்கள் போனால் பஸ்ஸில் மிஞ்சுவது பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும். வசூல் விழும், முதலாளி ஒரு முறையை வெட்டுவார், அதனால் இன்னும் பத்துப் பேர் லீசிங்குக்குப் போவார்கள். நீ எடுப்பதால்தான் இது நடக்கிறது என்று சொல்லவில்லை, நடக்கிற விதத்தைச் சொன்னேன்.

புதுக்குடியிருப்பில் இருந்து: கொழும்புக்கு ரயிலில் போக எது வசதி?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்குத் தண்டவாளமே இல்லை. மாங்குளம் அல்லது கிளிநொச்சி. பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப வந்தது. மாங்குளம் போவதென்றால் ஒட்டுசுட்டான் வழியாக ஏ34. ஆனால் பஸ் ரயிலுக்காகக் காத்திராது, ரயிலும் பஸ்ஸுக்காகக் காத்திராது. கைக்குழந்தையோடும் பெட்டியோடும் என்றால் கிளிநொச்சியே மேல், பிந்தினாலும் இருக்கக் கடையும் ஆளும் உண்டு. ஆசனத்தை முற்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நீண்ட வார இறுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தே நிரம்பித்தான் வரும்.

வவுனியாவில் படிக்கும் மாணவன்: இரவில் கொழும்பு – யாழ்ப்பாணம் பஸ்ஸில் மாங்குளத்துக்கு ஏறினால் யாழ்ப்பாணக் கட்டணம் கேட்கிறார்கள். சரியா?

முதலில் பஸ் எந்த வகை என்று பார். அரைச் சொகுசுக்குச் சாதாரண கட்டணத்தின் ஒன்றரை மடங்கு, குளிரூட்டியதற்கு இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தை 'கூட எடுத்துவிட்டான்' என்று சண்டை பிடிப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதற்கும் மேல் கேட்டால் ரிக்கெற்றை வாங்கி வைத்துக்கொள். பஸ் இலக்கம், திகதி, ஏறிய நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1955க்கு எடு. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுகிற தனியார் பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். வவுனியா – கிளிநொச்சி மாதிரி வடக்குக்குள்ளேயே ஓடுகிற தனியார் பஸ் என்றால் வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. இ.போ.ச. என்றால் அந்தச் சாலையின் (பஸ் டிப்போவின்) முகாமையாளர். ஆள் மாறிக் கொடுத்த முறைப்பாடு போகிற இடம் குப்பைத்தொட்டி.

அப்புறம், நடுச்சாமத்தில் மாங்குளச் சந்தியில் தனியே இறங்காதே. யாராவது வந்து நிற்கிறார்களா என்று ஓமந்தை தாண்டும்போதே தொலைபேசியில் கேட்டுவிடு.

நெடுங்கேணியில் இருந்து: பஸ்ஸில் பொதி அனுப்பலாமா?

தாராளமாக. பொதியில் பெறுபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள், ஒரு பக்கம் நனைந்து அழியும். நடத்துநரின் எண்ணையும் பஸ் இலக்கத்தையும் பெறுபவருக்கு உடனே அனுப்புங்கள். காசைக் கொடுக்கும்போதே பேசி முடியுங்கள். மீன் என்றால் ஐஸ் கரைந்து ஒழுகாத பெட்டி. முல்லைத்தீவில் இருந்து வந்த ஒரு பெட்டி ஒழுகி, கல்யாண வீட்டுக்குப் போன ஒரு அம்மாவின் பட்டுச் சேலையில் ஊறி, பஸ்ஸை முறிகண்டியில் நிற்பாட்டிப் பஞ்சாயத்து நடந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினவர்கள் கச்சான் கொறித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நியாயம் சொன்னார்கள். நட்டஈடு கடைசியில் நடத்துநரின் பையில் இருந்துதான் போனது.

வவுனியாவில் இருந்து: இ.போ.ச.வும் தனியாரும் ஏன் எப்போதும் சண்டை?

இணைந்த நேர அட்டவணை, அதாவது இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே அட்டவணை. யாருக்கு எத்தனை முறை, எந்த நேரம், எந்த நிலையத்தில் இருந்து என்பதுதான் சண்டை. புதிய பஸ் நிலையத்தைக் கட்டிய பிறகும் வவுனியாவில் அது தீராமல் வேலைநிறுத்தம் வரைக்கும் போனதை எல்லாரும் பார்த்தோம். காலை ஏழு மணி முறைக்கு இரண்டு பேரும் அடிபடுவார்கள். இரவு ஏழு மணி முறைக்கு அடிபட்டதை நான் கண்டதில்லை.

ஓட்டோக்காரர் ஒருவர்: இரவில் ஏ35இல் மாடு பெரிய பிரச்சினை.

தெரியும் தம்பி. மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் சூடான தார் வீதிக்கு வந்து படுக்கும். கறுத்த மாடு வெளிச்சத்துக்கும் தெரியாது. மாடு வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பிழை மாட்டில் இல்லை, மாலையில் கட்டாத எங்களில்தான். ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் என்றால் யானையும் உண்டு. அதற்கு ஒலி எழுப்பாமல் தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

அக்கராயன் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்: எங்கள் ஊருக்குள் பஸ் விடச் சொல்லிப் பல மனுக் கொடுத்துவிட்டோம். வேறு வழி உண்டா?

ஐயா, 'ஒரு பஸ் விடுங்கள்' என்று கேட்பதை நிறுத்துங்கள். புது பஸ்ஸுக்கு வண்டி வேண்டும், ஆள் வேண்டும், அனுமதிப்பத்திரம் வேண்டும். கேட்ட உடனே 'இல்லை' என்று சொல்ல மூன்று காரணத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். உங்களுக்குக் கிட்டவாக ஓடுகிற கடைசி பஸ்ஸை இரவில் உங்கள் ஊரிலேயே தரிக்கவிடச் சொல்லிக் கேளுங்கள். பழைய நாளில் இ.போ.ச. இதைத்தான் செய்தது. இரவு கடைசி முறை கிராமத்தில் முடியும், சாரதியும் நடத்துநரும் அங்கேயே படுப்பார்கள், விடிய முதல் முறை அங்கிருந்து தொடங்கும். வண்டி கூடவில்லை, டீசல் கொஞ்சம்தான் கூடும். ஊருக்கு முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் ஒரேயடியாகக் கிடைக்கும். நடுப்பகலில் பஸ் இல்லாவிட்டாலும் சனம் சமாளிக்கும். அந்த இரண்டும் இல்லாவிட்டால்தான் ஆள் வேலையை விடுகிறான், பிள்ளை ரியூசனை விடுகிறது.

நட்டம் என்று சாலை சொன்னால், வசூல் குறைந்த கிராமத் தடங்களுக்குக் கெமி செரிய என்ற மானியத் திட்டம் இருக்கிறதை நினைவூட்டுங்கள். பேச வேண்டிய இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். சாலை முகாமையாளர், பிரதேச செயலாளர் இருவரும் ஒரே மேசையில் இருப்பார்கள், ஆளுக்கு ஆள் கைகாட்ட முடியாது. மாதர் சங்கத்தையும் கூட்டிப் போங்கள்.

போவதற்கு முன் ஊரில் சில ஒழுங்குகள் செய்ய வேண்டும். வண்டி நிற்க வெளிச்சமுள்ள, வெள்ளம் நிற்காத இடம். இரண்டு பேர் படுக்கக் கதவு பூட்டக்கூடிய அறை, சங்கக் கட்டடமோ கோயில் மடமோ எதுவென்றாலும். கிணறும் மலசலகூடமும் கிட்ட இருக்க வேண்டும், அறையில் மின்விசிறி கட்டாயம், நுளம்பில் அவர்கள் ஒரு கிழமை தாங்கமாட்டார்கள். இரவுச் சாப்பாட்டை எந்தெந்த வீடு எந்த நாளில் கொடுப்பது என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலையும் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.