ஒன்றுமே தெரியாமல் கணினியில் இசையமைக்கத் தொடங்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது: இசை முறையாகப் படித்ததில்லை, வீட்டில் ஒரு சாதாரண மடிக்கணினி இருக்கிறது, கணினியில் இசையமைக்கக் கற்றுக்கொள்ள என்ன வாங்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஒரு ஹெட்போன் போதும். ஆனால் அது ஒயர் வைத்ததாக இருக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் நீங்கள் கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஒலி காதுக்கு வரும். பாட்டுக் கேட்க அது பிரச்சினையே இல்லை, தாளம் பழகுவதற்குச் சரிப்படாது.

நான் தொடங்கியபோது, சேர்த்து வைத்த பணத்தில் முதலில் வாங்கியது ஒரு மிடி கீபோர்டு. செருகி அழுத்தினேன், சத்தமே வரவில்லை. அந்த வகைக் கீபோர்டுக்குச் சொந்தமாக ஒலி கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற தகவலை மட்டும் அது கணினிக்கு அனுப்பும். ஒலி எழுப்புவது கணினிக்குள் இருக்கும் மென்பொருள் வாத்தியம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சத்தம் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. கீபோர்டு பழுது என்று நினைத்து இரண்டு வாரம் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

உண்மையில் சிக்கல் பஃபர் அளவில் இருந்தது. கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் நுண்துணுக்கு) என்ற கணக்கில், 1024 சாம்பிள் சேரும்வரை காத்திருந்தால் அதற்கே சுமார் 23 மில்லிநொடி ஆகிவிடும். 128 என்று வைத்தால் 3 மில்லிநொடிகூட ஆகாது. விண்டோஸ் கணினி என்றால் ஏசியோ டிரைவர், அதாவது ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் சிறு மென்பொருள், தேவை. உங்கள் கணினிக்கென்று தனியாக இல்லாவிட்டால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்குகள் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி வரிசைகள்) பெருகி, பட் பட் என்று வெடிப்புச் சத்தம் கேட்டால் திரும்பக் கூட்டிவிடுங்கள். இது தெரியாமல் முதல் வாரத்திலேயே மனம் விட்டுப்போகிறவர்கள் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இசையமைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாள் கடத்தாதீர்கள். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், ஐபோனிலும் உண்டு. விண்டோஸிலும் லினக்ஸிலும் எல்எம்எம்எஸ் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச வடிவத்தில் சேமித்த கோப்பைத் திரும்பத் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போன்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: ட்ராக்குகள், ஸ்வரங்களையும் அடிகளையும் கட்டங்களில் வைக்கும் பியானோ ரோல், ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் சரிசெய்யும் மிக்ஸர். ஒன்றைப் பிடித்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். கிராக் செய்த திருட்டுப் பதிப்புகள் பக்கம் போக வேண்டாம். அவற்றோடு வைரஸ் வருவது சாதாரணம்.

சரி, இனி வேலைக்கு வருவோம். உங்களுக்கு மனப்பாடமான ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 பார் (பார் என்பது ஒரு சின்னத் தாளத் துண்டு) மட்டும். முதல் முறை கிக்கை (டிரம்ஸில் காலால் அடிக்கும் தாழ்ந்த அடி) மட்டும் கேளுங்கள், வேறு எதிலும் கவனம் வேண்டாம். அது எங்கெங்கே விழுகிறது என்று மேசையில் தட்டிப் பார்த்து, அதையே பியானோ ரோலில் கட்டங்களாக வையுங்கள். மறுநாள் டிரம்ஸின் மற்ற அடிகளான ஸ்நேரும் ஹை ஹாட்டும். அடுத்து பேஸ் (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரங்கள்), அதற்குப் பிறகு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), கடைசியில் மெட்டு. பாட்டைக் கேட்கும்போது ஒன்றாக வந்து விழும் ஒலி, ஐந்தாறு பேர் தனித்தனியே வாசிப்பதாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். இந்தக் காது வந்துவிட்டால் கற்றுக்கொள்வதற்கு முடிவே கிடையாது. பத்து மணி நேரம் வீடியோ பார்த்ததில் எனக்குக் கிடைக்காதது, ஒரே பாட்டின் பேஸை நான்கு மாலை உட்கார்ந்து கண்டுபிடித்ததில் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும்போதே 4/4 கணக்கில்தான், அதாவது பாருக்கு நான்கு எண்ணிக்கையில்தான் நிற்கும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்கள் அதில் இரண்டு பாராக அழகாக உட்காரும். ஆனால் குத்துப் பாட்டு எடுத்தீர்கள் என்றால், நம் டப்பாங்குத்து பெரும்பாலும் 6/8, அதாவது பாருக்கு ஆறு எண்ணிக்கை. கட்டத்தை மாற்றாமல் அடித்தால் எங்கே வைத்தாலும் இடறும், உங்களுக்குத் தாள ஞானமே இல்லை என்று தோன்றிவிடும். அமைப்பில் 6/8 என்று மாற்றுங்கள், அடிகள் தாமாக இடத்தில் போய் விழும்.

ஸ்வரம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மாயாமாளவகௌளை ராகத்தை வைத்துத் தொடங்கலாம். கர்நாடக இசைப் பாடம் தொடங்குவதும் அதில்தான். சி என்ற வெள்ளைக் கட்டையை ச என்று வைத்தால், ரி அதற்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு, க என்பது இ, ம என்பது எஃப், ப என்பது ஜி, த அதற்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு, நி என்பது பி. இந்த ஏழையும் விட்டு வெளியே போகாமல் ஒரு சின்ன மெட்டுப் போட்டுப் பாருங்கள்.

போட்டதும் ஏதோ குறைவது தெரியும். ஸ்வரங்கள் சரி, ராகம் வரவில்லை. பியானோ ரோல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேர்கோடாக வைக்கிறது, நம் ராகங்களோ அசைவில் வாழ்கின்றன. இங்கேதான் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வேண்டும். பல மென்பொருள் வாத்தியங்களில் அது மேலும் கீழும் இரண்டு அரைச் சுரம் வரை வளைக்கும். ரி-யை நேரே நிறுத்தாமல் ச-வைத் தொட்டுத் தொட்டு ஏறுவது போல வளைவு வரையுங்கள். முதல் முறை அது பாடுவது போலக் கேட்ட இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் கேட்கவைத்தேன்.

அடியின் பலத்தைக் குறிக்கும் வெலாசிட்டி என்ற அளவையும் கவனியுங்கள். அது 127 வரை போகும். எல்லா அடிகளையும் ஒரே எண்ணில் விட்டால் இயந்திரம் அடிப்பது போல இருக்கும். தவில் வாசிப்பவரின் கையைப் பாருங்கள், அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே பலத்தில் விழுவதில்லை.

ஒலிகள் போதவில்லை என்றால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல சிந்தசைசர்கள், அதாவது புதுப்புது ஒலிகளை உருவாக்கும் மென்பொருள் வாத்தியங்கள். முதல் வருடத்துக்கு இவை தாராளம். கீபோர்டு வாங்குவதற்கு முன் உறவினர் வீட்டில் பழையது ஏதாவது தூங்குகிறதா என்று விசாரியுங்கள். மிடி 1983-இல் வந்த பொது மொழி, இன்றும் அதேதான் பேசுகிறார்கள். பின்பக்கம் மிடி அவுட் இருந்தால், யுஎஸ்பி மாற்றிக் கேபிள் ஒன்று வாங்கி இணைத்துவிடலாம்.

ட்ராக்குகளின் ஒலியைச் சமன்செய்து சேர்க்கும் மிக்சிங்குக்கு இப்போது அதிக நேரம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து, மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் 0 டெசிபலைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். 8 பார் அமைந்ததும் அதை ஒரு நிமிடமாக நீட்டி வேவ் கோப்பாக எடுத்து, ஹெட்போனிலும் போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். போனில் பேஸ் காணாமல் போயிருக்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்தால் மேல் ஒலிகள் பிறக்கும், அவற்றை வைத்துக் காது பேஸைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதைச் சேர்த்துவிட்டு இன்னொரு முறை போனில் போட்டுப் பாருங்கள்.