புல்லும் முள்ளும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குப் பேராவூரணிக்குத் தெற்கே ஒரு கிராமம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. சிங்கப்பூரில் வேலை. அப்பா வைத்த நாலு ஏக்கர் தென்னந்தோப்பு 2018 கஜா புயலில் போய்விட்டது. அதற்கப்புறம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது பாதி சீமைக் கருவேல், மீதி வெறும் பொட்டல். அங்கே ஒரு காட்டை உருவாக்கி, பறவைகளும் விலங்குகளும் திரும்பி வரும்படி செய்ய ஆசை. மியாவாக்கி முறையில் நட்டால் மூன்றே வருடத்தில் காடு என்கிறார்கள் நண்பர்கள். தைலமரம் போட்டால் காசாவது வரும் என்கிறார் சித்தப்பா. சோறு போடும் டெல்டாவில் காடு வளர்ப்பதே தப்பு என்கிறார்கள் ஊரில் சிலர். கோடியக்கரை மாதிரி மான் வருமா? எங்கிருந்து தொடங்கட்டும்?

ப.,
சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

மானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வராது. கோடியக்கரைக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே எத்தனையோ ஊர்கள், சாலைகள், உப்பளங்கள், நாய்கள். ஆனால் அங்கே வெளிமான் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம் 1967இல் சரணாலயமானதே பெரிதும் அந்த மானுக்காகத்தான். அது அடர்ந்த காட்டுக்குள் வாழும் பிராணி இல்லை. பகையைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிக்கிற பிராணி. அதற்கு வேண்டியது மறைப்பில்லாத புல்வெளி. அந்தப் புல்வெளிக்குள் சீமைக் கருவேல் புகுந்து இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. மானே அதன் நெற்றைத் தின்று, புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போகிறது. மரம் கூடக் கூட மானுக்கு இடம் குறைகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் ‘வெறும் பொட்டல்’ என்று ஒதுக்கிவிட்ட பாதிதான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது விடியற்காலையில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். ஆட்காட்டி கத்தும். அது கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் சின்னக் குழிவில் முட்டையிடும். பக்கத்தில் போனாலும் கல் எது முட்டை எது என்று தெரியாது. வானம்பாடியும் தரையில்தான் கூடு வைக்கும். கௌதாரிக்குப் புல்லும் வேண்டும், ஓடி ஒளிய ஒரு சூரைப் புதரும் வேண்டும். எருக்கைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி உண்டு. ஆவாரையை நம்பி இருக்கும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் உண்டு. அந்தப் பொட்டலில் நெருக்கமாகக் குழி வெட்டிக் கன்று நட்டால், இருக்கிற இத்தனை பேரையும் துரத்திவிட்டு இனி வரப்போகிறவர்களுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அரசையும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசு மேய்வது கடலடிப் புல்லை. அந்தப் புல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நமக்குப் புரிந்துவிட்டது, மிகவும் நல்ல காரியம். அதே ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வனமும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்கப் பார்க்கிறது. மரத்தை மட்டும் கணக்கெடுத்தால், கரையில் இருக்கிற புல்லும் முள்ளும் நடுவதற்குக் காலியான இடமாகவே தெரியும். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

சரி, மியாவாக்கி. அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர். இயற்கையாகவே அடர்ந்து வளரும் காடுகளை மீட்க அவர் கண்டுபிடித்த வழி அது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று, இரண்டு மூன்று வருடம் விடாமல் தண்ணீர். நகரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் அது நிழல் தரும், நான் குறை சொல்லமாட்டேன். கடைமடையில் அந்தத் தண்ணீரை ஆழ்குழாயில் இறைத்தா ஊற்றப் போகிறீர்கள்? நம் கரைக்கென்று ஒரு காடு இருக்கிறது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் காய்கிற நிலத்தில், தடித்த இலையோடு வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் குட்டையான காடு. உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். கோடியக்கரையில் அது மிச்சமிருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் காடுகளில் துண்டு துண்டாக இருக்கிறது. பாலை, வீரை, காசா, காரை, இரும்புளி, குருந்து. ஆவுடையார்கோயிலின் தலமரம் அந்தக் குருந்துதான், மாணிக்கவாசகரை இறைவன் அதனடியில் ஆட்கொண்டதாகச் சொல்வார்கள். காசா என்பது, திருமாலின் நிறத்துக்குச் சொல்கிறோமே, அந்தக் காயாம்பூ பூக்கும் மரம். பாலையை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும், நர்சரியில் சப்போட்டா ஒட்டுக்கட்டுவது பாலைக் கன்றில்தான். மெதுவாக வளரும் மரம், உலக்கை செய்யும் அளவுக்கு உறுதியானது. ஆரோவில்லில் வெறும் செம்மண் மேட்டில் இந்தக் காட்டை மீட்கும் வேலை 1970களில் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வருடக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இதை நாலு ஏக்கரிலும் நட வேண்டாம். வேலியோரம், வரப்போரம், ஏற்கெனவே நிற்கும் வேம்பு, பனையைச் சுற்றி, கொத்துக் கொத்தாக நட்டால் போதும். நடுவதற்கு முன்னால் அந்த வேம்படியைக் குனிந்து பாருங்கள். கொண்டைக்குருவியும் குயிலும் பழம் தின்றுவிட்டு வந்து உட்காரும் இடம் அது. காரையும் இலந்தையும் சங்கஞ்செடியும் தானே முளைத்திருக்கும். அவற்றைக் காப்பாற்றுவது புதுக் கன்று வாங்குவதைவிட மேல். வேலிக்குக் கம்பி வேண்டாம், கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றுங்கள். தலை போன பனை ஏதாவது நின்றால் வெட்டாதீர்கள். பனங்காடையும் கிளியும் குஞ்சு பொரிக்க அந்தப் பொந்தைத்தான் தேடும்.

இனி சீமைக் கருவேல். உங்கள் காசும் உழைப்பும் அதிகம் போகப்போவது இதில்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதுபோல வாட்ஸப்பில் வருவதையெல்லாம் விட்டுவிடுங்கள். அது மற்றதை வளரவிடாது, வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் தழைக்கும், விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும். இந்த மூன்றுமே போதுமான கெடுதல். அதனால் வெட்டக்கூடாது, தூரோடு எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சிறு செடிகள் கடப்பாரைக்கே வந்துவிடும். பெரியதற்கு ஜேசிபி வேண்டியிருக்கும், ஆனால் மேல்மண்ணை வழித்துத் தள்ளவிடாதீர்கள். அதில்தான் புல்லின் விதை இருக்கிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுக்கவும் வேண்டாம். இன்றைக்கு அந்த முள்ளுக்குள்தான் முயலும் கீரியும் ஒருவேளை நரியும் பகலைக் கழிக்கின்றன. பொட்டலை ஒட்டிய பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வருடத்துக்கு ஒரு பகுதியாக உள்ளே போங்கள். விறகையும் கரிமூட்டத்துக்கு விற்றால் செலவில் கொஞ்சம் திரும்பும்.

எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குக் கொத்தாக முளைக்கும். அதற்கடுத்த மழைக்கும் முளைக்கும். சீமைக் கருவேலை ஒழிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. 2017இல் நீதிமன்ற உத்தரவையொட்டி மாவட்டம் மாவட்டமாகப் பறித்தார்கள், தொடர்ந்து கவனிக்க ஆளில்லாத இடங்களில் திரும்ப வந்துவிட்டது. நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். அதனால் கன்றுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்து, ஊரில் ஒருவருக்கு வருடாவருடம் மார்கழி, தை மாதங்களில் முளை பிடுங்கக் கூலி ஒதுக்குங்கள். நாலைந்து வருடத்துக்கு இதை நிறுத்தாமல் செய்ய முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம்.

ராமநாதபுரத்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் அறுவடை முடிந்ததும் உங்கள் பக்கம் கிடை போட வருவார்கள். நெற்று விழும் காலத்தில் சீமைக் கருவேலில் மேய்ந்து வந்த ஆடு விதையையும் கொண்டுவரும், ஆகவே ஆரம்ப வருடங்களில் உங்கள் நிலத்தில் கிடை வேண்டாம். ஆனால் புல் நிலைத்தபின் அவர்களை அழையுங்கள். மேய்ச்சலே இல்லாத புல்வெளியில் முற்றிய புல் அடைத்துக்கொள்ளும், புதரும் ஏறிவிடும். ஆட்காட்டிக்கும் வானம்பாடிக்கும் குட்டைப் புல்தான் ஏற்றது. எந்த மாதம் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். புல்லைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். முட்டையிடும் மாதங்களில் நாய்கள் வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

தாழ்வான மூலையில் ஒரு குட்டை வெட்டலாம். பிளாஸ்டிக் விரிப்பு போடாதீர்கள், மீன் விடாதீர்கள். கோடையில் வற்றிப்போகிற குட்டைதான் தவளைக்கு நல்லது. மீன் இருந்தால் தலைப்பிரட்டையைத் தின்றுவிடும்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: புதுக்கோட்டைப் பக்கம் தைலமரத் தோட்டத்து வரப்புகள் ஏரிக்கு வரும் மழைத்தண்ணீரை மறிக்கின்றன என்று விவசாயிகள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அவர்களைப் பகைத்துக்கொண்டு எதுவும் நிலைக்காது. ஆனால் தண்ணீர் எட்டாத கடைமடையில் நீங்கள் யாருடைய நெல்லையும் பறிக்கவில்லை. அவர்களுடைய உண்மையான பயம் பன்றி. பன்றி பகலில் படுத்துக்கிடப்பது சீமைக் கருவேல் அடர்த்திக்குள். அதைத் திறந்தவெளியாக்குவது பக்கத்து வயலுக்கும் நல்லது. கூகையும் பாம்பும் வந்து தங்கினால் வயல் எலி குறையும். இதை நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம்.

கோடையில் வேதாரண்யம் பக்கம் பாலைப்பழம் விற்பார்கள். அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்தால் வாங்கித் தின்றுவிட்டு விதையை எடுத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் போய்ப் பொறுக்கக் கூடாது. உடனே பையில் ஊன்றிவிடுங்கள். கன்று நடுவது புரட்டாசிக் கடைசிக்கு மேல், முதல் நல்ல மழைக்கு அப்புறம். பொட்டலில் இப்போது என்னென்ன புல் நிற்கிறது என்று தை மாதம் யாரையாவது படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எந்தப் பக்கத்தில் தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்