டீச்சரம்மா பதில்கள்: நாணல் சதுப்பும் தம்பியின் வேலையும்

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாணல் சதுப்பு இருக்கிறது. அதைத் தூர்த்துப் பெரிய கிடங்கு கட்டப்போகிறார்களாம். என் தம்பி மெட்ரிக் முடித்து மூன்று வருடமாக வேலையில்லாமல் இருக்கிறான். கிடங்கு வந்தால் காவலாளி வேலையாவது கிடைக்கும் என்கிறான். அப்பாவோ எதிர்ப்பு மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில் தினமும் சண்டை. வயிறு பெரிதா, சதுப்பு பெரிதா? நீங்களே சொல்லுங்கள்.
— வாசகி, இசிபிங்கோ, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மகளே, உன் தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. மூன்று வருடம் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் நாணலையும் கொக்கையும் பற்றிப் பேசினால் காதில் ஏறுமா? அவனுக்கு வேலை வேண்டும். கிடங்கும் வரட்டும். அது எங்கே வரவேண்டும் என்பதில்தான் எனக்கு வழக்கு.

2022 ஏப்ரல் மழையை நீ மறந்திருக்க மாட்டாய். நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். உங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டை. ஒரு காலத்தில் ஆறு பரந்து கிடந்த தாழ்நிலம் அது. ஆற்றைத் திருப்பிவிட்டு, சதுப்பைத் தூர்த்து ஆலைகளைக் கட்டினார்கள். வேலை வந்தது, மறுக்கவில்லை. என்னிடம் புவியியல் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே சம்பாதித்துத்தான் வீடு கட்டினார்கள். அந்த ஏப்ரலில் தண்ணீர் பழைய தடத்துக்கே திரும்பி வந்தது. டொயோட்டா ஆலைக்குள் வெள்ளம் புகுந்து, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. அத்தனை பெரிய ஆலைக்கே அந்தக் கதி!

மழை கொட்டும்போது நாணல் வேரும் கறுப்புச் சேறும் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் மேல் சிமெண்டும் தகரக் கூரையும் வந்தால் அதே மழை உடனே தெருவுக்கு ஓடி வரும். கிடங்குக்காரர்கள் மண் போட்டுத் தங்கள் தளத்தை உயர்த்திக்கொள்வார்கள். உங்கள் வீட்டுத் தளத்தை யார் உயர்த்துவார்கள்?

என் தாத்தா டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கேனி ஆற்றோரம் காய்கறித் தோட்டம் போட்டவர். 1917 வெள்ளத்தில் கூரை மேல் ஏறி உயிர் பிழைத்தார். நம் இந்திய மீனவர்கள் ஆறு பேர் படகு செலுத்திப் போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்த வெள்ளம் அது. அதற்குப் பிறகு சாகும்வரை தாத்தா விதை மூட்டையைத் தரையில் வைத்ததே இல்லை. உத்தரத்தில்தான் கட்டித் தொங்கவிடுவார்.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். அப்பாவின் கையெழுத்து மட்டும் போதாது. சதுப்பில் 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டித் தூர்க்க வேண்டுமானால் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். பத்து கன மீட்டர் என்பது ஒன்றிரண்டு டிப்பர் லாரி மண்தான். அந்த விண்ணப்பத்தில் 'பாதிக்கப்படும் தரப்பு' என்று உங்கள் பெயர்களைப் பதிவு செய்யுங்கள். அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தருவார்கள். வேறு இடம் பார்த்தார்களா, மழைத்தண்ணீரை எங்கே விடப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நம் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு சுற்றுச்சூழலையும் பொருளாதார வளர்ச்சியையும் சேர்த்தேதான் பேசுகிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

இது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தால், அதற்குத் தம்பியையும் கூட்டிப் போ. கட்டி முடித்த பிறகு எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, அதில் இசிபிங்கோக்காரர் எத்தனை பேர் என்று அவனே எழுந்து கேட்கட்டும். அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்தால்தான் மதிப்பு.

தம்பிக்கு வேறு வழியும் இருக்கிறது. ஓடைகளைச் சுத்தமாக வைத்திருக்க உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்களுக்கு நம் மாநகராட்சி கூலி கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. சிஹ்லான்ஸிம்வேலோ என்று பெயர். வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராயில் குப்பைமேட்டைச் சுற்றி 2008 முதல் காடு வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்கள் வீட்டிலேயே மரக்கன்று வளர்த்துக் கொடுத்து, பதிலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டன. உங்கள் சதுப்பைப் பராமரிக்கவும் இப்படி ஒரு குழு வேண்டும் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் தம்பி பெயரோடு எழுதிக் கொடு. கூட்டத் தேதி தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுது. நானும் வந்து உங்களோடு உட்காருகிறேன்.