அப்பாவின் குளிர்த்திப் பாடல் கோப்பு அழியவில்லை

களுவாஞ்சிகுடி சகோதரிக்கு,

அப்பா பழைய கணினியில் தட்டச்சு செய்து வைத்த கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்கள் (அம்மனைக் குளிர்விக்கும் சடங்கில் பாடுபவை) புதிய மடிக்கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன, முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்க வேண்டாம்! ஒரு வரிகூடத் தொலைந்திருக்காது.

எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள் இறைந்து கிடக்கின்றன என்றீர்களே, அது பாமினி என்ற பழைய எழுத்துருவின் அடையாளம்; அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில்தான். எழுத்துரு இல்லாத கணினி அந்த விசைகளை அப்படியே காட்டுகிறது.

முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். பாமினியை நிறுவி, முழுவதையும் தெரிவுசெய்து அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் பாடல்கள் உடனே தெரியும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் அனுப்பினால் மறுபடியும் இதே கதைதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி, தனி எழுத்துரு நிறுவாமலே இன்றைய கருவிகளில் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகக் குழம்பிவிடும், அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். பிறகு, பாடல் தெரிந்த பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். வழக்கொழிந்த சொற்களை மென்பொருள் காப்பாற்றாது.

பாமினி விசைப்பலகையே கைக்குப் பழகியது என்றால், என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதே முறையில் யூனிகோடாக அடிக்கலாம்.

அப்பா சம்மதித்தால் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை அவர்கள் இணையத்தில் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள்.